தூண்டில் ராடில் பூசிய எபாக்ஸி இறுகவில்லையா? முதலில் அந்தக் கப்பைத் தேடுங்கள்

கைடுகளை, அதாவது தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை, ராடில் வைத்து நூல் சுற்றிக் கட்டவே மூன்று ராத்திரி போயிருக்கும். கைடுகள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை பார்த்திருப்பீர்கள். கடைசியில் ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களையும் கலந்து, அந்த எபாக்ஸியை நூலின் மேல் பூசி, மோட்டாரில் சுழல விட்டுப் படுத்து, காலையில் ஆசையாக விரலை வைத்தால் ஒட்டுகிறது. அந்த நேரத்தில் கை பரபரக்கும். ராடை மொட்டை மாடி வெயிலில் சாய்த்து வைக்கத் தோன்றும், இல்லையென்றால் ஹார்டனரைக் கொஞ்சம் எடுத்து மேலே தடவிப் பார்க்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். நேற்று எபாக்ஸி கலந்த கப் எங்கே என்று தேடுங்கள். குப்பைக் கூடையில் இருந்தாலும் பரவாயில்லை, எடுங்கள்.

கப்பின் அடியில் மிஞ்சியிருப்பதும் ராடில் இருப்பதும் ஒரே கலவை. அதனால் என்ன தப்பு நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. குச்சியால் குத்திப் பாருங்கள். கப்பும் பசையாக இருக்கிறது, ராடும் பசையாக இருக்கிறது என்றால் அளவில் தவறு. கப்பிலேயே ஒரு மூலை கல்லாகவும் இன்னொரு மூலை பசையாகவும் இருந்தால் அளவு சரி, கலக்கியது போதவில்லை. கப் கல்லாக இருக்க ராட் மட்டும் இளகலாக இருந்தால் அவசரப்படாதீர்கள். கப்பில் மொத்தமாகக் கிடக்கும் எபாக்ஸி தன் வினையில் எழும் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் இறுகிவிடும். ராடில் இருப்பதோ மெல்லிய படலம், சூடு தங்காது. அங்கே நேரமாவது இயற்கை. இரண்டு நாள் கழித்தும் மாறவில்லை என்றால்தான் மேற்பரப்பில் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு நாளாகியும் தேன் மாதிரி வழிகிறது

இது எனக்கே நடந்தது. ஒரு மழைக்கால இரவு, பாதித் தூக்கத்தில், இரண்டு சிரிஞ்சையும் ஒரே பாட்டிலில் விட்டு இழுத்திருக்கிறேன். 3 மில்லி ரெசினோடு 3 மில்லி ரெசினையே சேர்த்து, ஐந்து நிமிடம் பொறுப்பாகக் கிளறி, எட்டு கைடுக்கும் பூசி, விடிய விடிய மோட்டாரைச் சுழல விட்டேன். இரண்டு பாட்டிலிலும் இருப்பது தண்ணீர் போலத் தெளிவான திரவம் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கப்பைச் சாய்த்தால் மூன்றாம் நாளும் அது ஓடியது.

இப்படி ஆனால் காத்திருந்து பயனில்லை, சூடு காட்டியும் பயனில்லை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஈரத்தைத் துடைத்து எடுத்துவிட்டு நூலைப் பிரித்து மறுபடி சுற்றுவதுதான் வழி. நூலுக்குள் ஊறிய ரெசின் முழுதாக வெளியே வராது, அதனால் அதே நூலின் மேல் புதிதாகப் பூசிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். அன்றிலிருந்து என் ஹார்டனர் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், அதற்கான சிரிஞ்சிலும் சிவப்புக் கோடு. மூடிகளும் மாறக் கூடாது. ரெசின் மூடியை ஹார்டனர் பாட்டிலுக்குப் போட்டால் மறுமுறை திறக்கக் குறடு தேவைப்படும்.

எல்லாக் கைடிலும் ஒரே மாதிரியான பிசுபிசுப்பு

விரலை வைத்தால் ரேகை பதிகிறது, எடுத்தால் லேசாக இழுக்கிறது, கப்பும் அப்படியே. வருகிற புகார்களில் பெரும்பாலானது இந்த வகைதான். அளவு பிசகியிருக்கிறது.

எபாக்ஸி எப்படி இறுகுகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இது புரிந்துவிடும். ரெசின் மூலக்கூறின் இரு முனையிலும் எபாக்சைடு வளையங்கள் இருக்கின்றன. ஹார்டனரில் அமீன் இருக்கிறது. அமீனில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு வளையத்தைத் திறந்து பிடித்துக்கொள்ளும். இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை போல ஆவதுதான் இறுகல். ஒரு பக்கம் கூடினால் மிஞ்சியவற்றுக்கு ஜோடி கிடைக்காது. அவை அந்த வலைக்குள் அப்படியே மிதந்துகொண்டிருக்கும், பூச்சை நிரந்தரமாக இளக்கி வைக்கும். அதாவது ஹார்டனர் கூடினாலும் இளகல்தான், குறைந்தாலும் இளகல்தான்.

நம் கடற்கரைப் பக்கம் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கும் அவர்களிடம் கற்றவர்களுக்கும் ‘ஹார்டனர் கூட விட்டால் சீக்கிரம் செட் ஆகும்’ என்பது கைப்பழக்கம். அங்கே அது உண்மை. படகுக்குப் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் சொட்டுச் சொட்டாக விடுவது வினையைத் தூண்டிவிடும் பொருள், வெயில் மழை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியின் ஹார்டனர் தூண்டிவிடுகிற பொருள் இல்லை, பூச்சின் சரிபாதியே அதுதான். அரிசியும் தண்ணீரும் மாதிரி. தண்ணீரைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகாது, குழையும்.

சரி, அளவு எங்கே பிசகுகிறது? ராடுக்கென்று வரும் எபாக்ஸிகளில் பெரும்பாலானவை, ஃப்ளெக்ஸ் கோட் உட்பட, கன அளவில் ஒன்றுக்கு ஒன்று. கன அளவில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசில் 3 கிராம், 3 கிராம் என்று நிறுத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நுணுக்கமாகச் செய்கிறோம் என்ற நினைப்பு. ரெசின் கனமானது, மில்லிக்கு ஏறக்குறைய 1.15 கிராம். ஹார்டனர் தண்ணீரை ஒட்டிய எடை, பல வகைகள் அதைவிடக் கொஞ்சம் லேசு. எடையில் சமமாகப் போட்டால் ஹார்டனர் கன அளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண அரால்டைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவில் சமம், எடையில் 100-க்கு 80. தராசுதான் வேண்டும் என்றால் உங்கள் எபாக்ஸியைத் தயாரிப்பவர் எடைக் கணக்கைத் தந்திருக்கிறாரா என்று பாருங்கள். தராவிட்டால் சிரிஞ்சுதான்.

சிரிஞ்சிலும் ஏமாறலாம். எபாக்ஸி கெட்டியானது, வேகமாக இழுத்தால் காற்றுக்குமிழி சேரும். 3 மில்லியில் 0.2 மில்லி குமிழி என்றாலே 7 சதவீதம் போச்சு. மெல்ல இழுத்து, முனையை மேலே நிமிர்த்தி, குமிழியை வெளியேற்றிவிட்டு, பிறகு கோட்டைப் பாருங்கள். இரண்டு கைடுக்குத்தானே என்று அரை மில்லி அரை மில்லியாகக் கலக்காதீர்கள். ஒரு சொட்டு வித்தியாசமே அங்கே பெரிய சதவீதம். நான் 3 மில்லிக்குக் கீழே இறங்குவதில்லை. மிஞ்சியதைக் கொட்ட மனசு வராதுதான், நூலைப் பிரிப்பதை விட அது மலிவு.

மருந்துக்கடைச் சிரிஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு ரப்பர் முனை உள்ளவற்றில் அது வழுக்கிப் போவதற்காக சிலிக்கான் எண்ணெய் தடவியிருப்பார்கள். அது பூச்சில் கலந்தால் இறுகல் கெடாது, ஆனால் ஆங்காங்கே எபாக்ஸி விலகி மீன்கண் மாதிரிப் பள்ளங்கள் விழும். ரப்பர் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன சிரிஞ்சை வாங்குங்கள்.

அளவு சரியாக இருந்தும் பிசுபிசுப்பு என்றால், கலவையில் வேறு என்ன போனது என்று யோசியுங்கள். நீர்க்க வேண்டும் என்று அசிட்டோனோ ஆல்கஹாலோ விட்டீர்களா? சில சொட்டு தாங்கும். அதற்கு மேல் போனால் மேல்பகுதி இறுகி உள்ளே கரைப்பான் சிறைப்பட்டு, பூச்சு வாரக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். தின்னரில் கழுவிய பிரஷை ஈரத்தோடு எடுத்துப் பூசினாலும் இதேதான். நிறத்துக்காகச் சுவர்ப் பெயின்டையோ தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கையோ கலந்தவர்கள் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

ஒரு கைடு கல், பக்கத்துக் கைடு பசை

கலக்கியது போதவில்லை. எந்தக் கைடு பசையாக இருக்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெரும்பாலும் கடைசியாகப் பூசியவையாக இருக்கும். கப் காலியாகும்போது ஓரத்தையும் அடியையும் வழித்து எடுத்துப் பூசியிருப்போம். கலக்கும் குச்சி போகாத இடங்கள் அவைதான்.

ஐஸ் குச்சியின் முனை வளைவாக இருக்கும், கப்பின் மூலைக்குள் அது போகாது. முனையை நேராக வெட்டிவிடுங்கள். தட்டையான அடி உள்ள கப்பாக எடுங்கள், மெழுகு பூசிய காகிதக் கப் வேண்டாம். மூன்று நிமிடம் மெதுவாக, ஓரத்தையும் அடியையும் குச்சியின் இரு பக்கத்தையும் வழித்து வழித்துக் கிளறுங்கள். கலவையில் மெல்லிய கோடுகள் ஓடிக்கொண்டிருந்தால் அது இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். பிறகு அதை ஒரு அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பி, அங்கிருந்து தொட்டுப் பூசுங்கள். கப்பை வழிக்காதீர்கள், அது சாட்சிக்கு இருக்கட்டும். தாளில் பரப்புவதில் இன்னொரு லாபமும் உண்டு: குமிழி தானே வெளியேறும், சூடு தேங்காது, பூச நேரம் கிடைக்கும். சித்திரை வெயிலில் 35 டிகிரி அறையில் கப்போடு வைத்துக்கொண்டிருந்தால் பாதிக் கைடு முடிவதற்குள் கலவை கம்பி இழுக்க ஆரம்பிக்கும். 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு.

பாட்டிலில் ரெசின் கற்கண்டு மாதிரி மணி மணியாகவோ பால் கலந்தாற்போலவோ இருந்தால் அது குளிரில் உறைந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் நண்பர்களுக்கும், பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைப்பவர்களுக்கும் இது வரும். கெட்டுப்போகவில்லை. மூடியை இறுக்கி, கை பொறுக்கும் அளவை விடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் நிற்க வைத்து, முழுக்கத் தெளிந்து, ஆறிய பிறகு அளந்தெடுங்கள். ஹார்டனர் நாளாக ஆகத் தேன் நிறமாகும். வேலை செய்யும், ஆனால் வெள்ளை நூலின் மேல் அந்த நிறம் தெரியும்.

மேலே மட்டும் எண்ணெய் தடவியது போல

நகத்தை அழுத்தினால் உள்ளே கெட்டியாக இருக்கிறது, ஆனால் மேற்பரப்பு வழுக்குகிறது, பளபளப்பும் மங்கல். ஐப்பசி கார்த்திகையில் இது அதிகம் வரும். ஹார்டனரில் உள்ள அமீன் காற்றிலிருக்கும் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மெழுகு போன்ற ஒரு படலத்தை மேலே விடுகிறது. இறுகவில்லை என்று நினைத்துக் கலங்க வேண்டாம். இளஞ்சூடான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். படலம் தண்ணீரில் கரைந்து போய்விடும். அடுத்த பூச்சுக்கு முன் இதைக் கழுவியே ஆக வேண்டும். கழுவாமல் தேய்த்தால் மெழுகை இழுத்துப் பரப்பியதுதான் மிச்சம்.

குமிழி உடைய வாயால் ஊதுகிறவர்கள் கவனிக்கவும். மூச்சில் இருப்பவை அதே இரண்டும்தான். ஸ்பிரிட் விளக்குச் சுடரும் அவற்றைத்தான் விடுகிறது, அதனால் சுடரைக் காட்டினால் ஓரிரு நொடி, தள்ளிப் பிடித்து, ராட் சுழன்றுகொண்டிருக்கும்போதே காட்டுங்கள். மழை நாளில் நான் ஏசி அறையில் 26-இல் வைத்துப் பூசுகிறேன், ஏசி காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடும். 18-இல் வைத்துவிட்டுக் காலையில் இறுகவில்லை என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. நடு இரவில் மின்சாரம் போய் மோட்டார் நின்றால் பூச்சு ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பூசிய பிறகு முதல் நான்கைந்து மணி நேரமாவது சுழல வேண்டும், இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பகலில் பூசுவது நல்லது.

ஒட்டவில்லை, ஆனால் நகம் பதிகிறது

எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் முதல் கேள்வி. 25 டிகிரியை ஒட்டிய அறையில் ஒரு நாளில் கையில் எடுக்கலாம், முழுசாக இறுக ஒரு வாரம் வேண்டும். மூன்றாம் நாள் துணி உறைக்குள் போட்டு, நெய்த தடம் பூச்சில் அச்சாகப் பதிந்த கதைகள் நிறைய உண்டு. ஒரு வாரத்துக்கு உறையும் வேண்டாம், வெல்க்ரோ பட்டையும் வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு அப்புறமும் நகத்தை வலுவாக ஊன்றினால் மெல்லிய தடம் விழுகிறது என்றால், அது குறையே இல்லாமலும் இருக்கலாம். கண்ணாடி போல இறுகுவது ராட் பூச்சின் வேலை இல்லை. கீழே பிளாங்க், அதாவது ராடின் வெறும் தண்டு, வில்லாக வளையும்போது மேலே பூச்சும் கூட வளைய வேண்டும், அதற்காகவே கொஞ்சம் நெகிழ்வோடு தயாரிக்கிறார்கள். மேசைமேல் ஊற்றுகிற எபாக்ஸியோடு ஒப்பிட்டுப் பார்த்து மனம் நோக வேண்டாம்.

காரில் வைத்த ராட் இளகிவிட்டது என்பதும் இதில் சேரும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகளில் பல 50 டிகிரிப் பக்கம் ரப்பர்த் தன்மைக்கு மாற ஆரம்பிக்கும். மே மாதம் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விடச் சூடு உண்டு. ராடை நிழலில் ஆறவிட்டு மறுபடி நகத்தால் பாருங்கள். கெட்டிப்பட்டிருந்தால் பூச்சில் கோளாறில்லை, நிறுத்தின இடத்தில்தான் கோளாறு. இதைக் கொஞ்சம் தேற்றவும் வழி உண்டு. ராட் முழு நீளமும் அடங்கும் அட்டைப்பெட்டிக்குள் 40 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம் வைத்தால், மிச்சமிருக்கும் வினையும் நடந்து பூச்சு இன்னும் கெட்டியாகும். முன்பெல்லாம் ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும், இப்போதைய எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடையாது. பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம்.

நன்றாக இறுகியது, ஆனால் கைடு காலோரம் விரிசல்

இது எதிர்த்திசைக் கோளாறு. ஐந்து நிமிட ஒட்டுப்பசையையோ நகை, மேசை வேலைக்கான எபாக்ஸியையோ பூசினால் முதல் பெரிய மீனில் கைடு காலின், அதாவது நூலுக்கு அடியில் பிளாங்க்கோடு படிந்திருக்கும் உலோகப் பாகத்தின், முனையில் வெள்ளைக் கீற்று விழும். ராட் எபாக்ஸியிலேயே ஒரே தடவையில் தடிமனாக அப்பினாலும் வரும். காலின் முனையை அரத்தால் சரிவாகத் தேய்க்காமல் சுற்றினாலும் வரும். ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் இரண்டு மெல்லிய பூச்சு.

சரி, எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் காத்திருங்கள், இரண்டு முழு நாள். பிறகு மேலே சொன்ன 40 டிகிரிப் பெட்டியில் ஒரு நாள். வெறும் தாமதம் என்றால் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை, லேசான பிசுபிசுப்பு நிற்கிறது, ஆனால் வழியவில்லை என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் மெல்லத் துடைத்துக் காயவிட்டு, சரியாக அளந்த மெல்லிய பூச்சு ஒன்று மேலே கொடுங்கள். பெரும்பாலும் மேலே கெட்டியான தோலாக நிற்கும், ஒட்டுவதும் நின்றுவிடும். கெண்டை, கொடுவா என்று அளவான மீன் பிடிக்கும் ராடுக்கு இது போதும். பெரிய பாறை மீனுக்கென்று கட்டிய கனத்த பாப்பிங் ராடில் (நீர்மட்டத்தில் பொய்யிரையை வீசி இழுக்கும் ராட்) நான் இதை நம்பமாட்டேன். அடியில் இளகலான அடுக்கின் மேல் கைடு ஒவ்வொரு வீச்சிலும் நகர்ந்துகொண்டே இருக்கும், மேல் தோல் நாளடைவில் பிளக்கும். அதைப் பிரித்துவிடுவதே மேல்.

பூச்சு முழுக்க இறுகிய பின் இன்னொரு பூச்சு கொடுப்பதானால் 600 எண் உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் போகிற அளவு தேய்க்கவும். நூலைத் தொட்டால் பிசிறு எழும். அரைகுறையாக இறுகியதைத் தேய்க்கவே வேண்டாம், தாளில் அப்பிக்கொள்ளும், அந்தத் துகள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஹார்டனர் சிலருக்குப் பல மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று அரிப்பு கிளப்பும், ஒருமுறை ஆரம்பித்தால் விடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள்.

பிரிப்பதென்று முடிவானால், ஹேர் டிரையரால் அந்தச் சுற்றைத் தொட முடிகிற அளவுக்குச் சூடாக்கி, புது பிளேடைக் கைடு காலின் உலோகத்தின் மேல் வைத்து நீளவாக்கில் கீறுங்கள். பிளேடு கைடு காலை விட்டு இறங்கக் கூடாது. கீறிய இடத்தில் நகத்தைக் கொடுத்தால் நூலும் பூச்சும் சேர்ந்து ஓடு மாதிரிக் கழன்று வரும். பிளாங்க்கில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை இன்னொரு முறை சூடாக்கி, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சுரண்டுங்கள். அசிட்டோனில் ஊறவைக்க வேண்டாம், பிளாங்க்கின் பெயின்ட்டையும் அது தூக்கிவிடும்.

கடைசியாக ஆல்கஹாலால் துடைத்து, விளக்கொளியைப் பக்கவாட்டில் விழவிட்டுப் பிளாங்க்கைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிளேடு கோடு தெரிகிறதா? அதில் நகம் மாட்டினால் கார்பன் நார் அறுந்திருக்கிறது, பெரிய மீன் இழுக்கும்போது ராட் ஒடிவது அங்கேதான். அந்த ராடை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவருக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள்.